மணைமேல் வரைந்த தீவு வெங்காயம்

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் விழுப்புரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். பெயர் நிவேதா. தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வந்ததும் வராததுமாக, "மேடம், நீங்க வரைஞ்ச குரோமோசோம் படங்க ஒரு பழைய கட்டுரையில இருக்கு. அந்தத் தீவு வெங்காயம். ஒரிஜினல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்து யாரோ வந்து அந்த மணையைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மணையைப் பற்றிக் கேட்கவில்லை, பாவம், அவளுக்கு அது தெரியாது. ஒரு செடியின் செல்லுக்குள் மரபுப்பொருள் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, தீவில் மட்டுமே முளைக்கிற செடிகளில் அது கரைப்பக்கத்து உறவுச் செடிகளைவிடக் குறைவா, கூடவா என்பதுதான் அவள் படிப்பு. இலையில் ஒரு துண்டைப் பிளேடால் நறுக்கி, சாயம் கலந்து மெஷினில் விட்டால் கொஞ்ச நேரத்தில் அளவு வந்துவிடுமாம். "நீங்க எப்படிப் பண்ணீங்க மேடம்?" என்றாள். "பென்சிலாலயும் தையல் நூலாலயும்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு வராது.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் படம் வரைகிற வேலைக்குச் சேர்ந்தேன். வளவனூரில் பள்ளிப் படிப்பு, அதன்மேல் டிராயிங் பரீட்சை இரண்டு. அவ்வளவுதான் என் கல்வி. வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிகாரி கையெழுத்துப் போட்டால் நீடிக்கும், போடாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தினமும் விழுப்புரத்தில் காலைப் பாசஞ்சர் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று நின்று நின்று போய் இறங்குவேன். முதல் இரண்டு வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தவிர வேறு எதையும் வரையவில்லை. மல்லாட்டை இலை, மல்லாட்டைப் பூ, மல்லாட்டை வேர், இலையில் விழுந்த புள்ளி. கனவில்கூட மல்லாட்டைதான் வரும்.

அதிகாரியின் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், முழங்காலைத் தொடுகிற கை. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். ஒரு 'அப்படியா' என்றால் காதில் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். இரண்டு 'அப்படியா' என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தாரானால் அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மேல் அதிகாரிகள் வருகிற நாளில்தான் பேண்ட் போடுவார்.

இன்னொருவர் அட்டெண்டர் முனுசாமி அண்ணன். ஒலக்கூர்ப் பக்கம் கிராமம், சொந்த நிலம் கொஞ்சம் உண்டு, சைக்கிளில் வருவார். எனக்கு 'டிராயிங்கம்மா' என்று பெயர் வைத்தது அவர்தான். பண்ணையே அப்படித்தான் கூப்பிட்டது. அமிர்தவல்லி என்கிற என் பெயர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும்தான் இருந்தது.

சாருக்கு மல்லாட்டை உத்தியோகம், நரிவெங்காயம் ஆசை. மணற்பாங்கான இடத்தில் தானாக முளைக்கிற காட்டுக் கிழங்கு அது. அதன் குரோமோசோம்கள் பெரிது பெரிதாக இருக்கும், வரைய வசதி. அதற்காக மரக்காணத்து மணல்மேட்டுக்குப் போய் ஒரு கூடை தோண்டி எடுத்தோம். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்துக்கு அள்ளிக்கினு போறீங்க? ஆடுகூட வாய் வைக்காதே!" என்று சிரித்தாள். சார் அந்தம்மாளுக்கு நின்று நிதானமாக விளக்கம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "சரிதான், வேலையத்தவங்க" என்று கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். சார் அதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வெங்காயத்துக்கு வங்கக்கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் ஒரு சொந்தம் இருந்தது. அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று சார் நம்பினார். காட்டிலாகாவில் இருந்த அவருடைய கல்லூரி நண்பர் தேங்காய் நாரில் சுற்றி ஏழு கிழங்குகளைக் கப்பலில் அனுப்பிவைத்தார். பொங்கல் கழித்து வந்து சேர்ந்தது. ஆபீஸ் கிளார்க் ஒருவர் அதில் இரண்டை எடுத்து, "சாம்பாருக்கு நல்லா இருக்கும் போலிருக்கே" என்று முகர்ந்து பார்த்தார். முனுசாமி அண்ணன் பறித்து வைத்துவிட்டு, அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்: 'இது வெங்காயம் அல்ல. தின்றால் சாவு.'

இனி வேலையைச் சொல்கிறேன். கிழங்கை ஈரமணலில் வைத்தால் அஞ்சாறு நாளில் வெள்ளை வேர் விடும். காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் வேர் நுனியை வெட்ட வேண்டும். செல்கள் அதிகமாகப் பிரிகிற நேரம் அதுதான் என்று சார் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ரயில் லேட்டானால் எனக்கு உயிர் போய்விடும். வெட்டிய நுனியை மருந்தில் போட்டு, அப்புறம் அமிலத்தில் இளஞ்சூடு காட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, தீக்குச்சி முனையால் தட்டித் தட்டிப் பரப்பி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மை ஒற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். அமுக்கலாம், நகர்த்தக் கூடாது. நகர்ந்தால் எல்லாம் குழம்பாகிவிடும்.

அப்புறம் மைக்ராஸ்கோப். அதன் மேல் கேமரா லூசிடா என்று ஒரு சின்னக் கருவியை மாட்டுவோம். உள்ளே ஒரு பட்டைக் கண்ணாடி, பக்கத்தில் நீட்டிக்கொண்டு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் செல்லும் தெரியும், மேசைமேல் இருக்கிற என் காகிதமும் பென்சில் முனையும் அதே இடத்தில் தெரியும். தெரிகிற உருவத்தின் மேலேயே கோடு போட்டுக்கொண்டு போகலாம். இருபது குரோமோசோம்களையும் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் தையல் நூலை வளைத்து வைத்து, நூலை நீட்டி அடிக்கோலில் அளந்து கூட்டினால் மொத்த நீளம். மரக்காணத்துக் கரை வெங்காயத்துக்கும் இருபதுதான், தீவு வெங்காயத்துக்கும் இருபதுதான். நீளம் குறைந்தால் உள்ளே இருக்கிற மரபுப்பொருளும் குறைவு என்பது சாருடைய கணக்கு. நீளம் ஒன்றா என்பதே கேள்வி.

வந்தது வினை என் கையால். நான் நாலடி பத்தங்குலம். கண் எட்டுவதற்காக உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால், கை மேசைக்கு எட்டாமல் தோள் இறங்கிப்போகும். சாருடைய கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு வருஷம் கரை வெங்காயத்தை வரைந்து முடிப்பதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. பொங்கலுக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அம்மா, "ஒரு மணையப் போட்டு அதுமேல வச்சி எழுதேன்டி" என்றாள். அட, எவ்வளவு நல்ல யோசனை! மறுநாளே வீட்டிலிருந்த பலா மர மணையைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பெட்டியில் இருந்த பொம்பளைகள் விடுவார்களா? "இன்னாம்மா, மணையோட போறே? மாப்பிள்ளை திண்டிவனத்துலயா?" என்று மயிலம் வரைக்கும் ஓட்டினார்கள்.

காகிதத்தை மணைமேல் வைத்ததும் தோள்வலி பறந்தது. தீவு வெங்காயம் முழுக்க அப்படித்தான் வரைந்தேன். முனுசாமி அண்ணனுக்குத் தெரியும். சார் தன் அறையில் இருப்பார். அவர் வருகிற நேரம் மணை ஸ்டூலுக்கு அடியில் என் காலுக்குக் கீழே இருக்கும். மறைக்கவேண்டும் என்று இல்லை. சாப்பாட்டு மணையை ஆபீசில் வைத்திருக்கிறேனே என்று ஒரு வெட்கம்.

கூட்டிப் பார்த்தால் தீவு வெங்காயத்தின் நீளம் கரை வெங்காயத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. சார் நூலை வாங்கித் தானும் அளந்தார். அதேதான். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தீவுக்குப் போன செடி தன் மூட்டையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு விளக்கினார். சென்னையில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூடுகிற கூட்டத்தில் வாசிக்கக் கட்டுரை எழுதினார். நாள் குறித்துக் கடிதமும் வந்துவிட்டது.

கூட்டத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது, சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று அம்மா மணையைக் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் சார், "மிஸ் அமிர்தவல்லி, தீவு வெங்காயம் ஏழாம் நம்பர் ஸ்லைடை அச்சுக்குச் சுத்தமா இன்னொரு தடவை வரைஞ்சு குடுங்க" என்றார். வரைந்தேன். பழைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. புதுப் படம் பெரிதாக இருந்தது. பென்சில் தடித்துவிட்டதோ என்று சீவிக்கொண்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் பெரிது. மேசையைத் தடவிப் பார்த்தேன். மணை இருந்த இடம் காலி.

அப்போதுதான் உறைத்தது. காகிதம் அந்தக் கண்ணாடிக்குக் கிட்டே வந்தால் படம் சின்னதாக விழும். சினிமாத் திரையைப் பக்கத்தில் கொண்டுவந்தால் கதாநாயகன் சின்னதாகிவிடுவானே, அதேதான். நான் கரை வெங்காயத்தை மேசைமேல் வரைந்திருக்கிறேன், தீவு வெங்காயத்தை மணைமேல் வரைந்திருக்கிறேன். செடி சிறுத்ததா, என் படம் சிறுத்ததா?

முனுசாமி அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். "இதுக்கா இப்படி வேர்த்துக்கினு நிக்கிற? மணைதான் ஊட்டுக்குப் போயிடிச்சே. அது திரும்பி வராம பார்த்துக்கோ. இந்தப் புதுப் படத்தைக் கிழிச்சிப் போட்டுட்டு, பழைய படத்தையே மை போட்டுக் குடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதம் என் வேலைக்குக் கையெழுத்துப் போடவேண்டிய மாதம், அதை நினைத்துச் சொன்னார்.

அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த நல்ல மனுஷன் ஊர்முன்னால் பொய்யை வாசிப்பார், அது பொய் என்று அவருக்கே தெரியாது. விக்கிரவாண்டி வருகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். முண்டியம்பாக்கத்தில் சொல்லிவிடுவது என்று ஆனேன். விழுப்புரத்தில் இறங்கும்போது மறுபடி பயம். ராத்திரி சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வளைகாப்பு வீட்டுக்குப் போய், மஞ்சள் குங்குமம் வைத்த மணையை அப்படியே தூக்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

சாருடைய மேசைமேல் மணையை வைத்தேன். "சார், தீவு வெங்காயம் பூரா இதுமேல வச்சித்தான் வரைஞ்சேன். கரை வெங்காயத்துக்கு இது இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அப்படியா" என்றார். மணையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியா." மூன்றாவது 'அப்படியா' அன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடிக்கோலை எடுத்து மணையின் உயரத்தை அளந்தார். சரியாக இரண்டங்குலம்.

"எல்லா நாளும் வச்சீங்களா?"

"தோள்வலி இல்லாத நாள்ல சில சமயம் வைக்கல சார்."

"எந்தெந்தப் படத்துக்கு இல்லைன்னு தெரியுமா?"

"தெரியாது சார்." அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் மணையை எடுத்துக்கொண்டு வரைகிற அறைக்குப் போனார். ஸ்டூலில் என்னை உட்காரச் சொன்னார். நான் கண்ணை வைத்துக் கையை நீட்டிக் காட்டியதை அப்படியும் இப்படியும் நின்று பார்த்தார். பிறகு முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டு, "தச்சனைக் கூட்டிக்கிட்டு வாங்க. நாலு ஸ்குரூ வேணும்" என்றார். பத்து மணிக்குள் அம்மாவின் மணை மேசையோடு சேர்த்து முடுக்கப்பட்டுவிட்டது.

"மிஸ் அமிர்தவல்லி, மணை தப்பே இல்ல. மணை ஒரு நாள் இருந்து ஒரு நாள் இல்லாமப் போனதுதான் தப்பு. ரெண்டு வெங்காயத்தையும் மொதல்லேர்ந்து வரைவோம். முடியலைன்னா நான் மெட்ராஸ் போகல."

பதினொரு நாள். பழைய ஸ்லைடுகள் பாதி காய்ந்துபோயிருந்தன, புது வேர்தான் வேண்டும். கரை வெங்காயம் தொட்டிகளில் ஏராளம். தீவு வெங்காயம் ஏழில் அஞ்சு அழுகிப் போயிருந்தது. மிச்சம் இரண்டில் ஒன்றை அழுத்தினால் கொழகொழ என்றது. ஆக, ஒரே ஒரு கிழங்கு. அதை மணலில் வைத்துவிட்டு முனுசாமி அண்ணன் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது மாதிரி மணிக்கொரு தரம் பார்த்தார். எனக்கு அந்தப் புத்தி சொன்னதற்குப் பிராயச்சித்தம்போல. ஆறாம் நாள் காலை நான் ரயிலிலிருந்து ஓடி வருகிறேன், கேட்டிலேயே நிற்கிறார். "வுட்டுடிச்சி டிராயிங்கம்மா! அஞ்சி வேரு!"

அஞ்சு நுனி. முதல் இரண்டில் ஒரு செல்கூடப் பிரியவில்லை. மூன்றாவதில் என் கட்டைவிரல் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது, குழம்பு. இரண்டுதான் பாக்கி. சார் பின்னால் நின்றுகொண்டு, "கையைக் கழுவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு வாங்க" என்றார். குடித்துவிட்டு வந்து அமுக்கினேன். பார்த்தால், சாணம் தெளித்த வாசலில் கோலப்புள்ளி வைத்த மாதிரி இருபதும் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் கிடக்கின்றன! பக்கத்திலேயே இன்னொரு செல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசி நுனியில் இன்னும் ஆறு. மொத்தம் ஒன்பது செல். நான் கத்திய கத்தலில் கிளார்க் பேனாவோடு ஓடிவந்தார்.

அடுத்த நாள் வானம் மூடிக்கொண்டது. எங்களுக்கு ஜன்னல் வெளிச்சம்தான் விளக்கு. "இருட்டிக்கினு கீதே, ஒண்ணியும் தெரியாதே" என்று தலையில் கைவைத்தார் முனுசாமி அண்ணன். அப்புறம் அவரே பண்ணை ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, மேசையை மணையோடு, மைக்ராஸ்கோப்போடு, அம்மன் ஊர்வலம்போலத் தூக்கிக்கொண்டுபோய்க் களத்து வெட்டவெளியில் இறக்கினார். நான் ஸ்டூலோடு பின்னால் போனேன். மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, இரண்டு நாள் அங்கேயே வரைந்தேன். தூறல் போட்டால் சாரே குடை பிடித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் அதற்கு முன்னாலும் வேலை செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை.

நூல் வைத்து அளந்தோம். அவர் இரண்டு தடவை, நான் ஒரு தடவை. கரை வெங்காயம் அஞ்சு என்றால் தீவு வெங்காயம் நாலு. மூன்றில் இரண்டு இல்லை, ஆனால் குறைவுதான். "அப்படியா!" என்றார் சார், ஒரே ஒரு தடவை, வாயெல்லாம் பல்லாக. கட்டுரையை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டு அன்றைக்கே பேண்ட் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார்.

அங்கே மணைக் கதையை அவரே மேடையில் சொல்லிவிட்டார். ஆனால் சொன்ன விதம் வேறு. "வரைகிறவங்க கை நீளத்தைப் பார்க்காம மேசையைக் கொடுத்தது நான், முதல் அளவு தப்பானதுக்குக் காரணம் நான்தான்" என்றாராம். என் வேலைக்கும் கையெழுத்துப் போட்டார். ஆனால் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, ஒரே கிழங்கு, ஒன்பது செல், இதை எப்படி நம்புவது, கட்டைவிரலை அழுத்தி அமுக்கினால் குரோமோசோம் நீளும், லேசாக அமுக்கினால் சுருங்கும் என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எங்களிடம் கிழங்கு இல்லை. கடைசிக் கிழங்கும் அந்த மழையோடு அழுகிவிட்டது. சார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போதுகூட, "நாலுதான் மிஸ் அமிர்தவல்லி, எனக்குச் சந்தேகமில்ல" என்றார். எனக்கு இருந்தது. அது என் கட்டைவிரல் ஆயிற்றே.

மணை பாட்டுக்கு மேசையிலேயே இருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா, "அந்த மணையிலதான் உக்காரணும், கழட்டிக்கினு வா" என்று பிடிவாதம் பிடித்தாள். முனுசாமி அண்ணனே கழற்றிக் கொண்டுவந்து மணவறையில் போட்டார். நாலு ஸ்குரூ ஓட்டையோடு இருந்த மணையில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் மணை வேலைக்குத் திரும்பிவிட்டது, நான் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினேன்.

நிவேதா என் படங்களை வாங்கிக்கொண்டு போனாளா, அப்புறம் அந்தத் தீவுக்கே போய்க் கிழங்கு கொண்டுவந்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன! போன வாரம் போன் பண்ணினாள். "மேடம், ரிசல்ட் வந்துடுச்சு. பன்னிரண்டு கிழங்கு, மூணு தடவை ஓட்டிட்டோம். கரை வெங்காயத்தை அஞ்சுன்னு வச்சுக்கிட்டா..." என்று இழுத்தாள்.

"சொல்லித் தொலையேன்டி!"

"நாலு, மேடம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன், அழுதேன். தேவசகாயம் சார் இல்லை, முனுசாமி அண்ணன் இல்லை, யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்? கட்டைவிரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல், "மேடம், மேடம்" என்கிறாள். ஒருவழியாக மூக்கைச் சிந்திவிட்டு, "ஏம்மா, அந்த மெஷினை வச்சிருக்கிற மேசைக்கு ஏதாச்சும் முட்டு குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு கால் ஆடுதுன்னு அட்டை மடிச்சு வச்சிருக்கோம். ஏன் மேடம், எடுத்துடணுமா?"

"ஐயோ, எடுத்துடாதே!" என்றேன். "வேலை முடியற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."